எங்கள் காட்டோடைக்கு எந்தச் சோதனை? பாட்டிலா, பேனாவா, பூச்சியா

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு சிற்றோடை இருக்கிறது. மேலே சோலைக்குள் ஊற்றாகக் கிளம்பி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கி, கடைசியில் மருதாநதிக்குப் போகும் தண்ணீரோடு சேர்ந்துவிடும். பல இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். இந்த ஓடை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை வருடா வருடம் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று எட்டுப் பேர் சேர்ந்தோம். கையில் வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய், சில ஞாயிற்றுக்கிழமைகள், அவ்வளவுதான். எந்த முறையில் பார்ப்பது என்று முடிவெடுக்க மூன்று சீசன் ஆகிவிட்டது. இதே மாதிரி ஓடை வைத்திருப்பவர்கள் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வால்பாறையிலும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "தண்ணீர் குடிக்கலாமா?" என்பது ஒரு கேள்வி. "ஓடை உயிரோடு இருக்கிறதா?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில் எங்களுக்கு முதல் வருடம் முழுக்கப் போனது.

அந்த வருடம் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். கீழே, பல்பிங் (காப்பிப் பழத்தின் சதையை உரிக்கும் வேலை) தண்ணீர் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்த தண்ணீர். அந்த இடத்தில் கல்லைத் தொட்டால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் கையோடு வரும், புளித்த வாடை வேறு. வந்த அறிக்கையில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. கரைந்த உப்பு சரி, நைட்ரேட் சரி, அமிலத்தன்மை சரி. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஒப்பிட்டது இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ஓடு. அதில் கரைந்த உப்புக்கு விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 45. சோலைக்குள் இருந்து வரும் தண்ணீர் கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் மாதிரி. அதில் உப்பு 30 இருந்தது 120 ஆகிவிட்டால் ஓடைக்கு அது பெரிய மாற்றம், குடிநீர்த் தரத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த அட்டவணையை எங்கள் ஓடைக்குப் பொருத்தியதே தப்பு.

நேரம் இன்னொரு சிக்கல். காப்பிப் பழம் வரும் மாதங்களில் பகலில் பறிப்பார்கள், சாயங்காலம் எடை போட்டு ராத்திரி பல்ப் அடிப்பார்கள். பழத்தின் சதையும் கொட்டையைச் சுற்றி உள்ள பசையும் கரைந்த அந்தத் தண்ணீரில் சர்க்கரை அதிகம். அது ஓடையில் கலந்தால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், தண்ணீர் புளிக்கும். இதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு நடக்கிறது. நாங்கள் மறுநாள் பதினோரு மணிக்குப் போய் பாட்டில் பிடிக்கிறோம். அதற்குள் மேலே இருந்து வந்த நல்ல தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் ஏ வகுப்பு ஆற்றுக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல், பி.ஓ.டி. (அழுக்கை மட்க வைக்கக் கிருமிகள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 2-க்குள் இருக்க வேண்டும். குடிநீர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஓடைக்கு இது எவ்வளவோ பொருத்தம். ஆனால் ஆக்சிஜனை ஓடைக்கரையிலேயே மருந்து விட்டு நிலைப்படுத்த வேண்டும், பி.ஓ.டி. பாட்டிலை ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டு சேர்க்க வேண்டும், அப்புறம் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். மலையில் இருந்து பஸ் பிடித்து இறங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாட்டிலுக்கு இது ஆகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை எங்கள் பாட்டில் ஐஸ் கரைந்து வெதுவெதுப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணை நாங்கள் எங்கேயும் பயன்படுத்தவில்லை.

சரி, ஆய்வகம் வேண்டாம், நாமே அளப்போம் என்று அடுத்து பேனா மீட்டர் வாங்கினோம். ஆர்.ஓ. மெஷின் விற்பவர்கள் வீட்டுக்கு வந்து தண்ணீரில் முக்கிக் காட்டுவார்களே, அதே டி.டி.எஸ். பேனாதான். உள்ளுக்குள் அது அளப்பது மின்கடத்துத்திறனை, அதை ஓர் எண்ணால் பெருக்கி உப்பு அளவாகக் காட்டுகிறது. கடத்துத்திறனை நேரடியாகக் காட்டும் பேனா கிடைத்தால் அதையே வாங்குங்கள், மலைத்தண்ணீரில் எண்கள் சின்னதாக இருப்பதால் வித்தியாசம் அதில்தான் தெளிவாகத் தெரியும். இந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இருந்து மேலே நடந்து போகலாம், இருபது எட்டுக்கு ஒரு தடவை முக்கி எழுதிக்கொண்டே. எங்காவது எண் சட்டென்று குதித்தால் அந்த இடத்துக்கு மேலே ஏதோ ஒன்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். அது ஒரு வீட்டுச் சாக்கடையாக இருக்கலாம், உரம் போட்ட சரிவில் இருந்து கசியும் ஊற்றாக இருக்கலாம். எங்களுக்குத் தெரியாமலே இருந்த ஒரு குழாயை இப்படித்தான் கண்டுபிடித்தோம். அது எவ்வளவு நாளாக அங்கே இருந்ததோ.

ஆக்சிஜன் மீட்டர் விலை அதிகம், அதைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். எங்கள் 1300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே தண்ணீர் 7.8 அளவுக்குத்தான் பிடிக்கும். மதுரையில் இருந்து வரும் ஒருவர் 7.8-ஐப் பார்த்து "குறைகிறதே" என்பார். இங்கே அதுதான் முழு நிறைவு. நைட்ரேட், பாஸ்பேட்டுக்கு வரும் நிறம் பார்க்கும் கிட்கள் எங்களுக்குப் பயன்படவில்லை. எங்கள் ஓடையின் அளவுகள் அந்த நிற அட்டையின் முதல் கட்டத்துக்கும் கீழே இருக்கின்றன, கெட்டுப்போன நாளிலும் அப்படித்தான்.

பேனாவுக்கும் பாட்டிலின் அதே குறை உண்டு. முக்கிய அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். ராத்திரி பத்து மணிக்கு என்ன நடந்தது என்று யார் சொல்வது? ராத்திரியும் பகலும் அங்கேயே கிடக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள்.

இரண்டாவது வருடம் பூச்சிக்கு மாறினோம். செலவு ஒரு கொசுவலைத் துணி, இரண்டு கம்பு, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, ஒரு பழைய பெயின்ட் பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி. வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கம் இருக்கும் கற்களை ஒருவர் மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். பெரிய கல்லைக் கையால் எடுத்துத் தேய்த்துவிட்டுத் திரும்ப அப்படியே வைக்க வேண்டும். வலையில் சேர்ந்ததைத் தட்டில் கவிழ்த்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் சருகு என்று நினைத்ததெல்லாம் நடக்க ஆரம்பிக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்களில் யாரும் பத்து நிமிடத்துக்குப் பேசவில்லை. இந்த ஓடையில் சின்ன வயதில் இருந்து குளித்தவர்கள் நாங்கள்.

அடையாளம் காண்பது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. இனம் வரைக்கும் போக வேண்டாம், குடும்பம் தெரிந்தால் போதும். வயிற்றின் இரண்டு பக்கமும் இலை மாதிரி செவுள் படபடவென்று அடித்துக்கொண்டு, பெரும்பாலும் மூன்று வால் இருந்தால் மேஃப்ளைக் குஞ்சு. இரண்டே வால், கால் தொடங்கும் இடத்தில் அக்குள் பக்கம் பஞ்சு மாதிரி செவுள், கால் நுனியில் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ இலைத்துண்டையோ ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி அதற்குள் இருந்தால் கேடிஸ் புழு. கேடிஸிலேயே ஒரு வகை கூட்டுக்குப் பதிலாகக் கற்களுக்கு இடையே சிலந்தி மாதிரி வலை பின்னி, வருகிற துகளைப் பிடித்துத் தின்னும். ரத்தச் சிவப்பில் நெளிவது கைரோனமிட் புழு, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கிப் போடும் ரத்தப்புழு. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்வது அதனால்தான். ஸ்டோன்ஃப்ளையால் அங்கே பிழைக்க முடியாது.

இந்த வித்தியாசத்தைத்தான் மதிப்பெண்ணாக மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டனில் 1970-களில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை எண் உண்டு, அசுத்தம் தாங்காத குடும்பத்துக்கு அதிக எண். மேலே சோலை ஓரத்தில் ஒரு தட்டில் இப்படிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தட்டையான உடம்புள்ள ஹெப்டஜெனிட் மேஃப்ளை 10, லெப்டோஃப்ளெபிட் மேஃப்ளை 10, பெர்லிட் ஸ்டோன்ஃப்ளை 10, வலை பின்னும் கேடிஸ் 5, கருப்பு ஈயின் புழு 5, ரத்தப்புழு 2. கூட்டினால் 42, ஆறு குடும்பம், சராசரி 7. கீழே இன்னொரு தட்டில் பீட்டிட் மேஃப்ளை 4, வலை கேடிஸ் 5, கருப்பு ஈ 5, லிம்னீட் நத்தை 3, ரத்தப்புழு 2, மண்புழு இனம் 1 என்றால் கூட்டுத்தொகை 20, சராசரி 3.3. இரண்டு தட்டிலும் குடும்பங்களின் எண்ணிக்கை ஒன்றுதான், இரண்டிலும் பூச்சி நெளிகிறது. ஆனால் ஓடை ஒன்றல்ல.

நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதே மதிப்பெண்ணை வைத்துத்தான் ஏ முதல் இ வரை ஐந்து உயிரியல் வகுப்புகள் வகுத்திருக்கிறது. சராசரி 7-க்கு மேல் என்றால் சுத்தமான வகுப்புக்குப் பக்கம். அதோடு பன்முகத்தன்மைக்கு ஒரு எளிய கணக்கும் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தட்டில் இருப்பதைக் கலந்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். முன்னால் வைத்ததும் இதுவும் ஒன்றா, வேறா? வேறு என்றால் ஒரு எண்ணிக்கை கூடும். மொத்த வேறுபாடுகளை மொத்தப் பூச்சிகளால் வகுத்தால் 0-வுக்கும் 1-க்கும் நடுவே ஒரு எண் வரும். பெயரே தெரியாமல் ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் மினிசாஸ் என்று இதைவிடவும் சுருக்கி, 13 கூட்டம் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து செய்பவர்கள் அதில் தொடங்கலாம்.

ஆனால் அந்தப் பிரிட்டிஷ் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. அங்கே குளிர்ந்த ஓடைகளில் ஸ்டோன்ஃப்ளைக் குடும்பங்கள் ஏராளம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஸ்டோன்ஃப்ளை வகைகளே குறைவு, கண்ணில் படுவது பெரும்பாலும் பெர்லிட் குடும்பம்தான். அது கிடைக்கவில்லை என்பதற்காக ஓடை கெட்டுவிட்டது என்று எழுதினால் நல்ல ஓடைக்கே கெட்ட பெயர் வந்துவிடும். நம் மலைப் பூச்சிகளை வைத்து எழுதியதைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரைக் கல்லூரியில் இருந்து தென்னிந்திய மேஃப்ளைகளை ஆராய்ந்த பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணனும் கே. ஏ. சுப்பிரமணியனும் சேர்ந்து எழுதிய நீர்ப்பூச்சிக் கையேட்டை 2007-இல் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வெளியிட்டது. நம் பக்கத்து மதுரையில் இருந்து வந்த வேலை அது. மலையில் இருக்கும் எங்களுக்கு அது இவ்வளவு தாமதமாகத் தெரிய வந்ததில் வருத்தம்தான்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, மேலும் கீழும் ஒப்பிடுவது. சோலையை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு புள்ளி, தோட்டங்களைத் தாண்டிய பிறகு ஒரு புள்ளி. ஒரே நாள், ஒரே ஆள், அதே மூன்று நிமிடம், இரண்டு இடத்திலும் கல்லும் ஓட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே கல், கீழே மணல் என்றால் பூச்சி மாறுவதற்கு மணலே போதும். மேல்புள்ளி காப்புக்காட்டுக்குள் விழுந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையோடு இறங்காதீர்கள். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த மலையில் எல்லை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வது இன்னும் அவசியம். எங்கள் மேல்புள்ளியை ஒரு தனியார் தோட்டத்தின் கடைசி ஓரத்தில் வைத்துக்கொண்டோம், அதற்கு மேலே முழுக்கக் காடு.

பூச்சி முறைக்கு நான் இவ்வளவு சாய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. முதல் வருட அறிக்கையை எடுத்துக்கொண்டு பல்பர் வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரரிடம் போனபோது, "எல்லாம் வரம்புக்குள்ளதானே இருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார், அவர் சொன்னது நியாயம்தான். இரண்டாவது வருடம் இரண்டு தட்டையும் அவர் வீட்டு வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "இது மேல உள்ளதா? இந்தத் தட்டை பூச்சி நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். இல்லைண்ணே என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கடுத்த பறிப்புக்கு முன்னால் பல்பிங் தண்ணீருக்குக் குழி வெட்டினார்.

பூச்சியால் சொல்ல முடியாததும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பூச்சி ஓடை கெட்டிருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. இதே பழனி மலையின் மேல்பகுதியில், கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அங்கிருந்து போன பாதரசத்தைத் தேட வலையும் தட்டும் போதாது, பேனாவும் போதாது. வண்டல், மீன், பாசி என்று எடுத்து முறையான ஆய்வகத்தில்தான் அளந்தாக வேண்டும். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி மேல் சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். கீழே ஊர்க்காரர்கள் நேரடியாகக் குடிக்கிறார்கள் என்றால் மலக்கிருமிச் சோதனையை விடவே கூடாது. ஸ்டோன்ஃப்ளை நிறைந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம்.

மற்ற முறைகளில் நாங்கள் அதிகம் தங்கவில்லை. டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசி உரக் கசிவுக்கு நல்ல சாட்சி. புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை டயாட்டம்களைப் பற்றி நிறைய வேலை நடக்கிறது. ஆனால் அமிலத்தில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து, நல்ல மைக்ராஸ்கோப்பில் ஓட்டின் கோடுகளை எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஆகாது, பக்கத்தில் கல்லூரி இருந்தால் யோசிக்கலாம். தண்ணீரை வடிகட்டி அதில் உள்ள டி.என்.ஏ.வைப் படிக்கும் முறை கேட்க அருமையாக இருக்கும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்பில் நம் மலைப் பூச்சிகள் பலவற்றின் டி.என்.ஏ. வரிசையே இன்னும் சேரவில்லை. பணம் கொடுத்து "பெயர் தெரியாத மேஃப்ளை" என்று பதில் வாங்குவதற்கு, தட்டிலேயே அதைப் பார்த்துவிடலாம். மீனைப் பிடித்துப் பார்க்கும் முறையை எங்கள் அளவு ஓடைக்கு நான் சொல்லவே மாட்டேன். இருக்கிற கொஞ்ச மீனையும் கலைப்பதில் என்ன லாபம்?

ஊசித்தட்டான் பார்ப்பது தனி. வலை வேண்டாம், தண்ணீரில் இறங்க வேண்டாம், ஒரு கேமரா போதும். நிழலான ஓட்டத்தண்ணீரில் மட்டும் உட்காரும் வகைகள் உண்டு. நிழல் மரத்தை வெட்டித் திறந்துவிட்டால் அவை விலகி, வெயிலில் உட்காரும் தட்டான்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆனால் மழைக்குப் பிறகு வயல் மேலே கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானை வைத்து ஓடையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அது கடல் தாண்டிப் போகிற ஜாதி. புதிதாக வருபவர்களை ஓடைப் பக்கம் இழுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதால் துணைக்கு வைத்திருக்கிறோம்.

கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999-இல் வெளியிட்ட விரைவு மதிப்பீட்டில் 10 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 20, மொத்தம் 200. கல் சேற்றில் எவ்வளவு புதைந்திருக்கிறது, கரை அரித்திருக்கிறதா, இரண்டு கரையிலும் மரம் செடி நிற்கும் பகுதி எவ்வளவு அகலம் என்று பார்ப்பார்கள். அதைச் சுருக்கி ஏழு கேள்வி ஆக்கி, தலைக்கு மேல் எவ்வளவு நிழல் என்பதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டோம். காட்டோடைக்குச் சோறு போடுவது வெயில் அல்ல, மேலே இருந்து விழும் சருகுதான். நிழல் போனால் தண்ணீர் சூடாவது ஒரு பக்கம், சாப்பாட்டுப் பானையே மாறிவிடுவது இன்னொரு பக்கம்.

அந்தச் சருகை வைத்தே ஒரு சோதனை உண்டு, அடுத்த வருடம் அதைச் சேர்க்கப் போகிறோம். காய்ந்த நாவல் இலையை 5 கிராம் எடை போட்டு, வெங்காயம் வரும் வலைப்பையில் கொஞ்சம், பூச்சி நுழைய முடியாத நைலான் துணிப்பையில் கொஞ்சம் கட்டி, மேலும் கீழும் நான்கு வாரம் ஓடையில் போட்டுவிட்டு எடுத்துக் காய வைத்து எடை பார்க்க வேண்டும். வலைப்பையில் அதிகம் குறைந்து துணிப்பையில் குறையாமல் இருந்தால் வேலை செய்தது பூச்சியும் நண்டும். பதிலைப் படிப்பதுதான் சிரமம். உரம் கலந்தால் இலை வேகமாக மட்கும், வண்டல் மூடினால் மெதுவாக மட்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். அதனால் இதைத் தனியாக நம்பப் போவதில்லை. ஆனால் தோட்டமெல்லாம் நிழலுக்கு நடும் சில்வர் ஓக் மரமாக மாறிக்கொண்டிருக்கும்போது, அந்த இலையை நம் ஓடைப் பூச்சி தின்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நாவல் பைக்குப் பக்கத்திலேயே சில்வர் ஓக் பை ஒன்றும் போடுவோம்.

ஆக, எங்கள் முடிவு இது. வருடத்துக்கு இரண்டு தடவை பூச்சித் தட்டு. ஒன்று வடகிழக்கு மழை ஓய்ந்து, கடைசி வெள்ளத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் விட்டு, ஜனவரி கடைசியில். பல்பிங்கின் விளைவும் அப்போது தெரியும். இன்னொன்று தண்ணீர் ஒல்லியாகிவிடும் ஏப்ரலில், கோடை மழைக்கு முன்னால். வெள்ளத்துக்கு மறுநாள் இறங்கினால் நல்ல ஓடையும் காலியாகத்தான் இருக்கும், அதனால் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. மாதம் ஒரு முறை பேனாவோடு ஒரு நடை, அதே நாளில் ஏழு கேள்வி அட்டை. இதற்கெல்லாம் மூவாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. மீதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறோம். தட்டில் ஏதாவது சட்டென்று மாறினால், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு அந்த ஒரு சோதனைக்கு மட்டும் நல்ல ஆய்வகத்துக்குப் போவோம். கீழே குடிக்கிற இடத்தில் கிருமிச் சோதனை மட்டும் வருடம் தவறாமல் நடக்கும்.

எண்ணி முடித்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே மெதுவாகச் சாய்த்துவிடுங்கள், மேலே பிடித்ததை மேலே, கீழே பிடித்ததைக் கீழே. வலையையும் செருப்பையும் காய வைத்துவிட்டுத்தான் அடுத்த ஓடைக்கு எடுத்துப்போக வேண்டும். போன ஜனவரியில் குழி வெட்டிய இடத்துக்குக் கீழே மூன்று தட்டை உடம்பு மேஃப்ளை கிடைத்தது. மூன்றே மூன்று. ஏப்ரலில் மறுபடி அதே கல்லடியில் பார்ப்போம்.